கேட்டு அண்ணாச்சி வீட்டுத் தண்ணி

வெயில்ல நின்னுக்கிட்டு என்னத்தத் தம்பி அந்த போர்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? இங்கிட்டு வாங்க. இந்தத் தகரத்துக்கு அடியில வந்து உக்காருங்க. நிழல்னு இப்ப இந்தப் பக்கம் இது ஒண்ணுதான். முந்தியெல்லாம் இப்படியில்ல, ரெண்டு வீட்டு வாசலுக்கும் சேத்து ஒரு வாகை மரம் நின்னுச்சு. ஆமா, வீடு விக்கிறதுதான். வீட்டுக்குச் சொந்தக்காரன் செண்பகராஜ்னு பேரு, அச்சாபீஸ்ல பேப்பர் வெட்டுத மிஷின்ல நிக்கான். இப்ப அவங்க அக்கா வீட்டோட இருக்கான். சாவி என்கிட்ட இல்ல. பக்கத்து வீட்டுலதான எல்லாரும் சாவியக் குடுத்துட்டுப் போவாங்க? அவன் நாலு தெரு தள்ளிக் கொண்டு போயிக் குடுத்திருக்கான். இருக்கட்டும். மொதல்ல தண்ணி குடிங்க. இந்தாங்க சொம்பு. மண்பானைத் தண்ணி, தொண்டைக்கு இதமா இருக்கும்.

வீடு நல்ல வீடு தம்பி. நீங்க வாங்குனா எனக்கும் ஒரு பேச்சுத் துணை. என் வீட்டுக்காரி கோமு, மக வீட்டுக்குப் போயிருக்கா, பிரசவம் பாக்க. பிள்ளைக்கு இப்பப் பல்லு முளைச்சாச்சு, இன்னும் அங்கதான் இருக்கா. பொம்பளையாளுக்குப் பேரப்பிள்ளையக் கண்டா புருஷன் ஞாபகம் வருமா? போன் போட்டா "சாப்பிட்டீங்களா"ன்னு கேப்பா, வச்சிருவா.

நான் ரயில்வேல இருந்தவன். ஊருக்கு வெளிய தண்டவாளத்துல ஒரு கேட்டு இருந்துச்சு பாத்துக்கிடுங்க, அதைத் திறந்து சாத்துத உத்தியோகம். இந்தத் தெருவுல கேட்டு அண்ணாச்சின்னு கேட்டாத்தான் தெரியும். சாத்துனேம்னா சாத்துனதுதான். எவன் வந்து ஹாரன் அடிச்சாலும் அசைய மாட்டேன். ஒருக்க ஆட்டோவுல ஒரு பிள்ளத்தாச்சி வலியில கெடந்து கத்துதா. அவ ஆத்தா வந்து என் காலைப் புடிச்சிட்டா. திறக்கலையே நான். திறந்திருந்தா ரயிலு எல்லாரையும் அடிச்சிட்டுப் போயிருக்கும். ரயிலு போச்சு, கேட்டத் தூக்கினேன், ஆட்டோ போச்சு. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நான் விசாரிக்கல. அது என் வேலை இல்ல. கேட்டுதான் என் வேலை. ரூல் எதுக்குத் தம்பி இருக்கு? மனசுக்குத் தோணுதபடியெல்லாம் மனுசன் ஆடிரக் கூடாதுன்னுதான்.

இந்த ஊர்த் தண்ணி சமாச்சாரம் ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எப்ப வரும்னு அந்தக் குழாய்க்கே தெரியாது. வந்தாலும் மேல ஏறி வாரதுக்கு அதுல பலம் கெடையாது. அதனாலதான் வீட்டுக்கு வீடு வாசல்ல குழி. எதுத்த வீட்டுல தகரம் போட்டு மூடியிருக்கு பாருங்க, அது குழிதான். குழாயை அந்தக் குழிக்குள்ள தாழ இறக்கி வச்சாத்தான் தண்ணி வரும். தண்ணி வார அன்னைக்குப் பொம்பளையாளுக உள்ள இறங்கி நின்னு குடத்த மேல தூக்கித் தூக்கி வைப்பாங்க. தெருவப் பாத்தா தலைதலையாத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு முழம் தோண்டுனா நாம ஒண்ணரை முழம் தோண்டணும். இல்லன்னா தண்ணி அவனுக்குப் போயிரும், நாம வெறுங்குடத்த வச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கணும்.

என் வீடு கடைசிக்கு முந்துன வீடு, செண்பகராஜ் வீடு கடைசி. அவன் என்ன பண்ணான், ஒரு சின்ன மோட்டாரை வாங்கிக் குழாய்ல மாட்டிட்டான். உறிஞ்சுதான். என் குழாய்ல காத்துதான் வருது, உஸ்சுன்னு. நகராட்சியில நோட்டீஸ் குடுத்திருந்தாங்க, எங்கிட்ட பத்திரமா இருக்கு. குழாய்ல மோட்டார் வைக்கக் கூடாது, குடிதண்ணியச் செடிக்கு விடக் கூடாது, சொந்த வாசல்ல நிக்கிற மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாது. நான் போய்ச் சொன்னேன். வந்தாங்க, மோட்டாரைக் கழத்திக் கொண்டு போயிட்டாங்க. இதுல என்ன தப்பு இருக்கு? அவன் பொண்டாட்டி தங்கபுஷ்பம், புஷ்பம்னுதான் கூப்பிடுவோம், ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. மூணாம் நாள் அவளே வந்து, "அண்ணாச்சி, மதினி இருக்காங்களா, கொழம்பு கொண்டாந்தேன்"ன்னு நிக்கா. மனசுல ஒண்ணும் வச்சிக்கிட மாட்டா. அவ மேல நான் ஒரு நாளும் கொறை சொல்ல மாட்டேன்.

மோட்டார் போனதும் அவனும் குழி தோண்ட ஆரம்பிச்சான். தோண்டட்டும். குழி பத்தி நோட்டீஸ்ல ஒரு வார்த்தை கெடையாது, நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்தெழுத்தாப் பாத்துட்டேன். அவன் இடுப்புக்குத் தோண்டுனான். நான் நெஞ்சுக்குத் தோண்டுனேன். தோண்டும்போது காம்பவுண்டு ஓரமா ஒரு வேர் குறுக்க வந்துச்சு. அந்த வாகை மரத்து வேர்தான். மரம் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் வாசல்ல நிக்கி, வேர் இங்க எங்க குழிக்குள்ள வந்து கெடக்கு. என் தொடைத் தண்டி இருக்கும். அதுக்குக் கீழதான குழாய இறக்கணும்? கோமு மேல நின்னுக்கிட்டு, "ஏங்க, பச்சை வேருங்க, அதப் போயி வெட்டாதீங்க"ங்கா. மரத்த வெட்டத்தான் அனுமதி வேணும், என் இடத்துக்குள்ள வந்த வேருக்கு எதுக்குட்டி அனுமதின்னு கேட்டேன். கோடாலியால வெட்டி எடுக்க ஒரு நாள் ஆச்சு. அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு வேரு. அதையும் எடுத்தேன். பொங்கலுக்கு முந்தி நடந்தது இது. அந்த வேரு வெறகை வச்சிதான் அந்த வருசம் பொங்கல் வச்சோம். பால் நல்லாப் பொங்குச்சு தம்பி.

குடிங்க தம்பி, கையில வச்சிக்கிட்டே இருக்கீங்களே.

மாசிக்கு மேல அந்த மரம் எங்க பக்கத்துக் கெளையெல்லாம் இலை கொட்டிருச்சு. வெறும் காஞ்ச காயி, நெத்தா தொங்குது. காத்தடிச்சா நெத்து சலசலன்னு சத்தம் போடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அவன் வீட்டுப் பக்கம் சாய ஆரம்பிச்சிட்டு. எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல. புஷ்பத்துக்குத்தான் பயம் புடிச்சிருச்சு. அச்சாபீஸ்ல அவனுக்கு லீவு கெடைக்காது, பாவம் அவளே நகராட்சிக்கு நடையா நடந்தா, மரத்த வெட்டணும் அனுமதி குடுங்கன்னு. நான் விடுவேனா? ஆட்சேபணை குடுத்தேன். ஏன்னா அந்த மரத்தோட மத்தியான நிழல் பூராவும் என் வாசல்லதான் விழும். அந்த நிழல்லதான் ரிட்டயர் ஆன நாள்லருந்து கட்டில் போட்டுப் படுத்திருக்கேன். மரம் வளக்கிறவங்க சங்கம்னு ஒண்ணு இருக்கு இந்த ஊர்ல, காலேஜ் பையங்க. அவங்களுக்கும் சொல்லி விட்டேன். வந்து மரத்தக் கட்டிப் புடிச்சுப் படம் எடுத்தாங்க. நானும் கூட நின்னேன். எனக்குத் துண்டு போத்துனாங்க, பச்சைத் துண்டு. உள்ள மடிச்சு வச்சிருக்கேன்.

புஷ்பம் ஒரு நாள் சாயந்தரம் வந்தா. இந்தா நீங்க இருக்கீங்களே, இந்த இடத்துலதான் உக்காந்தா.

"அண்ணாச்சி, நீங்க ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டா வெட்டச் சொல்லிருவாங்களாம். காத்தடிச்சா எனக்குக் குலை நடுங்குது."

"மரம்னா கொஞ்சம் சாயத்தாம்மா செய்யும். வாகை அப்படித்தான் வளரும்."

"முந்தி நேராத்தான நின்னுச்சு? திடீர்னு எப்படி அண்ணாச்சி சாயும்?"

"எனக்கு என்ன தெரியும்? நான் என்ன மரத்து டாக்டரா?"

அவ அந்த மரத்த அண்ணாந்து பாத்தா. பொறவு சொன்னா, "ஒங்க நிழலுக்காக என் வீட்டத் தலைக்கு மேல தொங்கவிட்டிருக்கீங்க அண்ணாச்சி." எப்படிப் பேசுதா பாருங்க. அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துட்டு. ரூல்படி போம்மா, ஆபீசர் வந்து பாத்துச் சொல்லட்டும், அவங்க வெட்டுன்னா வெட்டு, கூடாதுன்னா கூடாதுன்னுட்டேன். உள்ளருந்து கோமு இருமுதா. அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பாக்கல.

ஆபீசர் வந்தாங்க. ஒரு மேடம், நல்ல மாதிரி. மரத்தச் சுத்திச் சுத்தி வந்தாங்க, தட்டிப் பாத்தாங்க, அந்தப் பக்கம் மண்ணக் கிளறிப் பாத்தாங்க. வேரெல்லாம் நல்லா இருக்குன்னாங்க. அந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கும்! அப்புறம் சுவத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து, "இங்க ஏதாவது தோண்டியிருக்கீங்களா பெரியவரே?"ன்னு கேட்டாங்க. நான் அன்னைக்குக் காலையிலயே குழி மேல பலகையப் போட்டு, அதுமேல குடம், அண்டா, கோமுவோட துளசித் தொட்டி எல்லாம் அழகா அடுக்கி வச்சிட்டேன். ஒரு ஆபீசர் வாராங்கன்னா வாசல் குப்பையாக் கெடக்கலாமா? "குழாய்க்குக் கொஞ்சம் பள்ளம் எடுத்திருக்கு மேடம், தெருவுல எல்லாரும் எடுத்ததுதான்"ன்னேன். பொய்யில்லையே. எல்லாரும் எடுத்ததுதான. அவங்க தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. பச்சை மரம், வெட்ட வேண்டாம், மழைக்காலம் முடிஞ்சு மறுபடி பாக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. செண்பகராஜ் அந்த உத்தரவ மடிச்சுப் பையில வச்சான். அவன் வீட்டுச் சுவத்துக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் குடுத்தான். நான் சிரிச்சேன், யானைக்குக் குச்சியா முட்டுக் குடுக்கன்னு. அவனும் சிரிச்சான். அப்பல்லாம் என்கூடப் பேசிக்கிட்டுதான் இருந்தான்.

சித்திரையில தண்ணி வரவே இல்ல. வராம வராம ஒரு நாள் மத்தியானம் வந்துச்சு. தெருவே ஓடுது குடத்தைத் தூக்கிக்கிட்டு. எனக்கு நல்லாக் கொட்டுச்சு, குழி ஆழம்லா. அண்டா நெறஞ்சிட்டு, தொட்டி நெறஞ்சிட்டு, பாத்ரூம் வாளி வரைக்கும் நெறஞ்சிட்டு. சரி, மரம் வாடிக் கெடக்கேன்னு ஒரு டியூப்ப மாட்டிச் சுவத்துக்கு மேல போட்டு மரத்து அடி மூட்டுல விட்டேன். குடிதண்ணியச் செடிக்கு விடக் கூடாதுன்னு நோட்டீஸ்ல இருக்கத்தான் செய்யுது. ஆனா இது செடியில்லையே, மரம். ஊரே மரத்தக் காப்பாத்து, மரத்தக் காப்பாத்துங்கும்போது நான் தண்ணி ஊத்துனா தப்பா? நல்லா ஊத்துனேன். கரிசல் மண்ணு, குடிச்சிக்கிட்டே இருக்கு. அந்தப் பக்கம் வாசல் பூரா சேறாயிட்டு.

புஷ்பம் அவ குழிக்குள்ள நின்னுக்கிட்டு சத்தம் போடுதா. "அண்ணாச்சி, கொஞ்சம் அடைங்க, எனக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வருது, வீட்டுல குடிக்கக்கூட இல்ல."

"இரு தாயி, ஒன் வீட்டு மரத்துக்குத்தான ஊத்துதேன்"ன்னேன்.

அப்பத்தான் காத்துக் கெளம்புச்சு. மேக்க வானம் கருத்துட்டு. புழுதின்னா புழுதி, எதுத்தாப்பல ஆளு தெரியல. தெருப் பொம்பளையாளுக எல்லாம் குடத்தப் போட்டுட்டு வீட்டுக்குள்ள ஓடுதாங்க. மழையே வரப் போகுது, இனி மரத்துக்கு எதுக்கு நம்ம தண்ணின்னு நான் குழாய அடைச்சேன். நான் அடைச்ச பொறவுதான் அவளுக்குத் தண்ணி வந்துச்சு. எனக்குச் சத்தம் கேட்டுச்சு, அவ குடத்துல தண்ணி விழுத சத்தம். "வந்துட்டு வந்துட்டு"ன்னு அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். அந்தக் கடைசித் தண்ணி நான் குடுத்தது தம்பி. இதை ஒருத்தரும் நெனைச்சுப் பாக்கல. நான் உள்ள வந்து ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருக்கேன், பெருசா ஒண்ணு முறியுத சத்தம். சவுக்குக் கம்புதான். அதுக்குப் பொறவு வீடே குலுங்குச்சு.

மரம் அவ குழி மேலயே விழுந்திருச்சு. நேரா.

நகராட்சிக்காரங்க ரம்பத்தக் கொண்டுவந்து மழையிலயே வெட்டுனாங்க. அன்னைக்கு எவனும் எவன்கிட்டயும் அனுமதி கேக்கல. செண்பகராஜ் அச்சாபீஸ்லருந்து ஓடி வந்தான், கையில மை, சட்டையில மை. அவள வெளிய எடுத்தப்ப குடத்துக் கழுத்தை விடவே இல்ல. கோமு அதப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. நானும் அழுதேன் தம்பி. ஏன் அழ மாட்டேன்? கொழம்பு குடுத்த கை அது.

மறுநாள் நீர்மாலை எடுக்கணும். எங்க பக்கத்து வழக்கம் ஒங்களுக்குத் தெரியுமோ? இறந்தவங்களக் குளிப்பாட்ட, வேண்டியவங்க குடத்தோட போயித் தண்ணி எடுத்து, தலைக்கு மேல வெள்ளைத் துணி புடிச்சு, சங்கு ஊதிக் கொண்டு வருவாங்க. அந்தத் தண்ணிக்கு ஒரு மரியாதை உண்டு. பிள்ளை இல்லாததால அவனே குடம் எடுத்தான், அவ அண்ணன் தம்பிமார் கூட. தெருவுல குழாய்த் தண்ணி நின்னு போச்சு, என் குழிக் குழாய்ல மட்டும்தான் இன்னும் வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நானே முன்னால போயி, "எப்பா செண்பகராஜ், தண்ணிக்கு எங்கயும் அலைய வேண்டாம், என் குழாய்ல எடுத்துக்கோ"ன்னேன். அவன் என் கையப் புடிச்சிக்கிட்டான். "சரிங்க அண்ணாச்சி"ன்னான். அப்படி மரியாதையா இருந்த பையன்தான்.

குழிக்குள்ள இறங்குனான். வெளிய சங்கு ஊதுது. துணியப் புடிச்சிக்கிட்டு எல்லாரும் நிக்காங்க. இறங்குனவன் ஏறி வரல. நான் எட்டிப் பாக்கேன், குடத்தக் குழாய்ல வைக்கல அவன். சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கான். அந்த வேரை வெட்டுன எடம் கண்ணு முன்னாலதான் இருக்கும், குழாய்க்கு மேல. கைய வச்சுத் தடவிப் பாக்கான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணையும் தடவுதான். பொறவு நிமிந்து என்னப் பாத்தான்.

"இது எப்ப வெட்டுனது அண்ணாச்சி?"

நான் பொய் சொல்லுத ஆளு கெடையாது. "பொங்கலுக்கு முந்தி"ன்னேன்.

அவ்வளவுதான். அவன் ஏசல, கைய ஓங்கல. ஓங்கியிருந்தாக்கூட எனக்கு என்னன்னு புரிஞ்சிருக்கும். வெறுங்குடத்தோட ஏறி வந்தான். துணி புடிச்சவங்க, சங்கு ஊதுறவன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்டு வரைக்கும் நடந்து போயி, லாரித் தண்ணி விக்கிறவன்கிட்ட காசு குடுத்துப் புடிச்சிட்டு வந்தான். கட்டுனவள லாரித் தண்ணியில குளிப்பாட்டுனான் தம்பி. வீட்டு வாசல்ல நல்ல தண்ணி இருக்க, ஊரு முன்னால என் தண்ணிய வேண்டாம்னுட்டான். எத்தனை பேரு பாத்தாங்க தெரியுமா? அந்த அவமானத்த நான் யாருகிட்டச் சொல்ல? ஒரு வேர். என் இடத்துக்குள்ள கெடந்த வேர். அதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆபீசரே வேர் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

அன்னையிலருந்து கோமுவும் ஒரு மாதிரி ஆயிட்டா. குழித் தண்ணியில சோறு பொங்க மாட்டேன்னுட்டா. கேன் தண்ணி வாங்கித்தான் பொங்குனா. பொறவு மகளுக்கு மாசம் நெருங்குதுன்னு கெளம்பிட்டா. துளசித் தொட்டியவும் கையோட கொண்டு போயிட்டா, பஸ்ஸுல. யாராவது துளசித் தொட்டியத் தூக்கிக்கிட்டுப் பிரசவம் பாக்கப் போவாங்களா?

நான் குழிக்குள்ள சுத்தி சிமெண்டு பூசிட்டேன். வேர் கீர் ஒண்ணும் இப்பத் தெரியாது. வாங்க, வந்து பாருங்க, வழவழன்னு இருக்கும். அந்தப் பக்கம் அவன் குழிய மண்ணப் போட்டு மூடிட்டான். அதனால என்ன, நீங்க வந்தா புதுசாத் தோண்ட வேண்டாம். தண்ணி எல்லாம் இப்ப எனக்குத்தான் வருது, பங்குக்கு ஆள் இல்ல. ஒங்களுக்கு வேணுங்கிறத நான் தாரேன். எத்தனை குடம் வேணும்னாலும் தாரேன். சுவத்துக்கு மேல குடத்த நீட்டுனாப் போதும்.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க? வீட்டச் சுத்திப் பாக்கலையா? சாவிய நான் ஆள் விட்டு வாங்கியாரச் சொல்லுதேன். வெயில் தாழட்டும், உக்காருங்க. சரி, போகணும்னா போங்க. போன் நம்பர் போர்டுல இருக்கு. நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்ல வேண்டாம்.

அட, சொம்பு நெறைய அப்படியே இருக்கே. ஒரு வாய்கூடக் குடிக்கலையா? இவ்வளவு நேரம் கையில வச்சிருந்துட்டுக் கீழ வச்சிட்டுப் போறீங்களே. ஒரு மடக்கு குடிச்சிட்டுப் போங்க தம்பி. தண்ணிதான.